முதல் பிக் செட் வாங்குமுன்: எங்கள் மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கொரு பூட்டு, கையில் இரண்டு மெல்லிய கம்பி. நம்முடைய பூட்டை நாமே சாவி இல்லாமல் திறந்து பழகுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கிற தம்பி, பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் என்று எல்லோரும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது பிக் செட்டைப் பற்றித்தான், அதாவது இப்படித் திறப்பதற்கான கம்பிகளின் தொகுப்பு. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, சுருக்கமா சொல்லுங்க. எந்த செட் வாங்கறது?

சின்ன செட். குட்டை ஹூக் ஒன்று, அதைவிடக் கொஞ்சம் உயரமான ஹூக் ஒன்று, அலை அலையாக வளைந்த ரேக் ஒன்று, வெவ்வேறு தடிமனில் மூன்று டென்ஷன் கம்பி. ஒரு வருடத்துக்கு இது தாங்கும். ஹூக் என்பது நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்த கம்பி. பூட்டுக்குள் இருக்கும் பின்களை (சின்ன உலோகத் துண்டுகள்) ஒவ்வொன்றாகத் தூக்க அது. ரேக்கை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் குலுங்கும். டென்ஷன் கம்பி, பூட்டின் உருளையைத் திரும்புகிற பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ள.

ஆனால் ஆர்டர் போடுமுன், எந்தப் பூட்டில் பழகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். பூட்டு முதலில், செட் பிறகு. இந்த வரிசை மாறிப்போனதால் ஒரே மாதத்தில் சலித்துப்போய் விட்டவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

பூட்டுதான் வீட்ல நாலு கிடக்குதே, அது ஆவாதா?

அந்த நாலையும் எடுத்துவந்து சாவியைப் பாருங்கள். சாவியின் ஒரு ஓரம் ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கமாக இருந்து, பக்கவாட்டில் நீளமாகக் கோடு கீறியிருந்தால் அது பின் பூட்டு. சாவி தட்டையாக, சதுரம் சதுரமாகப் படி வெட்டியிருந்தால், அல்லது உருண்டைக் கம்பியின் நுனியில் கொடி மாதிரி ஒரு தகடு நின்றால் அது லீவர் பூட்டு.

நம் பக்கத்து வீடுகளில் வாசல் கேட், மோட்டார் ரூம், பீரோ எல்லாவற்றிலும் லீவர் பூட்டுதான் அதிகம். திண்டுக்கல் பூட்டு லீவர். 1954-இல் வந்து இன்றுவரை வீடுதோறும் தொங்குகிற கோத்ரெஜ் நவ்-தாலும் லீவர். அலிகர் பூட்டுகளிலும் பெரும்பகுதி அப்படித்தான். கடையில் பிக் செட் என்று விற்பதோ பின் பூட்டுக்கு ஆனது. லீவர் பூட்டுக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். அதற்கான கருவியின் அமைப்பே வேறு. பின் பூட்டு ஹூக்கை அதில் விட்டுக் குடைந்தால் கைதான் வலிக்கும். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பையன் மூன்று வாரம் ஏழு லீவர் பூட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, "எனக்குக் கை ஓடல அக்கா" என்று வந்து நின்றான். அவன் கையில் ஒரு குறையும் இல்லை. பித்தளையில் 40 மி.மீ. பின் பூட்டு ஒன்றைக் கொடுத்தேன், அன்றைக்கே திறந்தான்.

ஆகவே ஹார்டுவேர் கடையில், ரம்பப் பல் சாவி உள்ள சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதே அளவில் வேறு வேறு கம்பெனியில் இரண்டு மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது. சாவியோடு வாங்குங்கள். ஏன் என்று கீழே வரும்.

பின் பூட்டுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

சாவி நுழைகிற உருளை ஒன்று. அதைச் சுற்றி அசையாத உடம்பு. உடம்பிலிருந்து உருளைக்குள் இறங்குகிற மாதிரி நாலைந்து துளை. ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின், அவற்றை அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் பாதி உருளையிலும் பாதி உடம்பிலுமாகக் குறுக்கே நிற்கும், அதனால் உருளை திரும்பாது. சரியான சாவியைப் போட்டால், எல்லா ஜோடியிலும் இரண்டு பின் சந்திக்கிற இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். உருளை திரும்பும். பழைய எகிப்தில் மரத்தால் செய்த பூட்டிலேயே இந்த யோசனை இருந்தது. இன்று நாம் பார்க்கும் உருட்டு வடிவத்துக்கு 1860-களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் கொண்டுவந்தார்.

சாவி இல்லாமல் இதைத் திறக்க முடிவதற்குக் காரணம் எந்திர வேலையில் இருக்கிறது. என் அப்பா பெரம்பூர் லோகோ ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். "நூல் புடிச்ச மாதிரி எந்த ஓட்டையும் வராதும்மா, அரைக்கால் நூலாவது தள்ளித்தான் நிக்கும்" என்பார். பூட்டிலும் அதே கதைதான். உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், எந்தத் துளை கொஞ்சம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பின் மட்டும் முதலில் இறுகும், மற்றவை தளர்வாக ஆடும். இறுகிய பின்னைத் தேடிப் பிடித்து மெல்லத் தூக்கினால், ஒரு இடத்தில் மிகச் சின்னதாக ஒரு 'டிக்'. உருளை ஒரு மயிரிழை நகரும். இப்போது அடுத்த பின் இறுகும். காதை விட விரலுக்குத்தான் அது முதலில் தெரியும்.

24 பீஸ், கூடவே கண்ணாடிப் பூட்டு ஃப்ரீ. அதை வாங்கலாமா?

வேண்டாம். நான் வாங்கினேன். ஆன்லைனில் 900 ரூபாய். மடக்குப் பர்ஸ் மாதிரி உறையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருபத்து நாலில் பாதி, ஒரே வடிவம் கொஞ்சம் மாறி மாறி வந்தது. ஹூக்கின் ஓரங்கள் அச்சில் வெட்டியபடியே சுரசுரவென்று இருந்தன. டென்ஷன் கம்பி இரண்டாவது நாளே முறுக்கு மாதிரி பிழிந்துகொண்டது.

அதோடு போயிருந்தால் 900 ரூபாயோடு முடிந்திருக்கும். கூட வந்த கண்ணாடிப் பூட்டு (உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்தான் அது) சுலபமாகத் திறந்துவிட்ட தைரியத்தில் எங்கள் வாசல் கதவுப் பூட்டில் முயன்றேன். ரேக்கின் நுனி உள்ளேயே ஒடிந்து நின்றது. சாவியும் போகவில்லை. ஐப்பசி மாத மழை, கடைக்குப் போயிருந்த அம்மா திரும்பிவந்து இரண்டு மணி நேரம் மாடிப்படியில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தார். சாவிக்காரர் வந்து உருளையையே மாற்றினார். அந்த உறையை அதற்குப் பிறகு நான் பிரிக்கவில்லை.

கண்ணாடிப் பூட்டுல உள்ள நடக்கறது தெரியுமே, அது நல்லதுதானே?

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒருவருக்குக் காட்ட நல்லது. பத்து நிமிடம் பார்க்கலாம். பழகுவதற்கு ஆகாது. பிளாஸ்டிக்கில் துளைகள் தொளதொளவென்று இருக்கும், பின் இறுகுவது கைக்குச் சரியாக வராது. அதைவிடப் பெரிய கேடு, கண் பார்க்க ஆரம்பித்துவிடும். விரல் சும்மா இருந்துவிடும். இந்த வித்தை முழுக்க விரலில் இருக்கிறது.

ஸ்டீல் நல்லதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

நல்ல பிக்குகள் பெரும்பாலும் 301 அல்லது 420 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வரும். எந்த வகை என்றே எழுதாத செட்டை நான் வாங்க மாட்டேன். கையில் கிடைத்தால் நுனியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். விட்டதும் பழையபடி நேராக வந்து நிற்க வேண்டும். வளைந்தது வளைந்தபடியே நின்றால் மெத்து ஸ்டீல். அது பூட்டுக்குள் நடப்பதை விரலுக்குச் சொல்லாது.

அடுத்து விரலை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். சுரசுரப்பு இருந்தால் அது பின்னில் உரசும், 'டிக்' அந்த உரசலில் அமுங்கிப்போகும். மற்றதெல்லாம் நன்றாக இருந்து இது மட்டும் குறை என்றால் பயப்பட வேண்டாம். எமரி பேப்பர் 400, அப்புறம் 800, அப்புறம் 1200 என்று தேய்த்தால் அரை மணியில் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். எனக்குப் பிடித்த வேலை அது.

தடிமன் எவ்வளவு இருக்கணும்?

உலகத்தில் விற்கும் செட்டுகளில் 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ. பொதுவான அளவு. மெல்லிய சாவித் துளைக்கு 0.5 மி.மீ., அதற்கும் கீழே 0.4 மி.மீ. வரை வருகிறது. நம் கடைகளில் கிடைக்கும் சின்னப் பித்தளைப் பூட்டுகளில் சாவித் துளை குறுகலாக, நெளிந்து நெளிந்து போகும். உங்கள் பூட்டின் சாவியை முனைப்பக்கமாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அந்த நெளிவுக்குள் டென்ஷன் கம்பியும் ஹூக்கும் சேர்ந்து போயாக வேண்டும். நெளிவு அதிகம் என்றால் 0.5-க்குப் போங்கள். பூட்டை முதலில் வாங்கச் சொன்னதன் பலன் இங்கேதான் தெரியும்.

டென்ஷன் கம்பி சும்மா வளைச்ச தகடுதானே? அதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு?

புதிதாக வருகிற எல்லோருக்கும் ஹூக்கின்மேல்தான் கண். பூட்டைத் திறப்பது பாதிக்கு மேல் டென்ஷன் கம்பி. ஹூக் தேடுகிறது, டென்ஷன் கம்பி கேட்கிறது. எந்தப் பின் இறுகியது, எது உட்கார்ந்தது, எது தவறி விழுந்தது என்று சொல்வதெல்லாம் அதுதான்.

இரண்டு விதமாக வைக்கலாம். சாவித் துளையில் பின்கள் இருக்கும் பக்கத்துக்கு எதிர் ஓரத்தில் வைப்பது பழைய முறை. மெல்லிய, நீளமான கம்பி போதும். ஆனால் ஹூக் நுழைய வேண்டிய இடத்தில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, பின்கள் இருக்கும் பக்கத்து வாயிலேயே, முதல் பின்னைத் தொடாதபடி குட்டையாகச் செருகுவது. கம்பி கொஞ்சம் தடிமனாக, ஒரு மி.மீ.-இலிருந்து 1.3 மி.மீ. வரை, துளையின் வாயில் ஆடாமல் கவ்வி உட்கார வேண்டும். துளை முழுக்க ஹூக்குக்குக் கிடைக்கும். குறுகலான துளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். செட்டில் இந்தத் தடிமன் கம்பி குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாத செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்று கேட்பார்கள். உலையில் இருக்கும் சோற்றுப் பருக்கை ஒன்றை எடுத்துப் பதம் பார்ப்போமே, அது நசுங்குவதற்குச் சற்று முன்னால் நிற்கிற அழுத்தம். அதற்கு மேல் போனால் எல்லாப் பின்னும் ஒன்றாக இறுகிக்கொள்ளும், ஒன்றும் புரியாது. திறக்கவில்லை என்று என்னிடம் கொண்டுவரும் பூட்டுகளில் நான் வேறொன்றும் செய்வதில்லை, "விரலைத் தளர்த்து" என்று மட்டும் சொல்வேன். அந்த நேரத்தில் உள்ளே ஒரு பின் 'டக்' என்று கீழே விழும் சத்தம் கேட்கும், மறுபடி முதலிலிருந்து. நாலாவது அல்லது ஐந்தாவது தடவை உருளை தானாகச் சாய்ந்து வளையம் துள்ளும். அந்த நேரம் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத்தான் நான் மாடிப்படி ஏறுகிறேன்.

கைப்பிடி முக்கியமா?

கொஞ்சம். வெறும் தகடு நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையில் வழுக்கும், அரை மணி நேரத்தில் விரலில் தடம் விழும். எலக்ட்ரிக் கடையில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் கிடைக்கும். ஒரு சாண் வாங்கி மாட்டி, மெழுகுவர்த்தியில் தூரமாகக் காட்டினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தடிமனான ரப்பர் பிடியை நான் விரும்புவதில்லை, விரலுக்கு வரும் செய்தியை அது தின்றுவிடும்.

எங்க கிடைக்கும்? மண்ணடியில கேக்கலாமா?

செட்டாக, நான் தேடியவரை, மண்ணடிக் கடைகளில் கிடைக்கவில்லை. ஆன்லைனில்தான். வெளிநாட்டுத் தயாரிப்புகளில் அமெரிக்காவின் பீட்டர்சன், சவுத்ஆர்ட், கனடாவின் ஸ்பாரோஸ், ஜெர்மனியின் மல்டிபிக் ஆகியவை இந்தப் பொழுதுபோக்கில் நாள்பட்ட பெயர்கள். வரவழைத்தால் தபால் செலவோடு சுங்கவரியும் சேரும். ஆகவே தனியாக வரவழைக்காமல் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். தனித்தனி ஹூக்காக வாங்கிக்கொள்ள முடிகிற இடத்தில், செட்டை விட அதுவே நல்ல வழி.

மண்ணடி வேறு விதத்தில் உதவும். செம்புதாஸ் தெருவில் ஏறி இறங்கினால் அரம், எமரி பேப்பர், குறடு, ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எல்லாம் கிடைக்கும். பழகுவதற்கான பூட்டும் அங்கேயே. காயலான் கடைகளில் எடைக்குப் பழைய பூட்டு கிடைக்கும்தான். சாவி இல்லாத பூட்டை நான் வாங்குவதில்லை, யாருடையது என்று தெரியாது. சாவியோடு கிடந்தால் எடுத்துக்கொள்வேன்.

காசு இல்லக்கா. நாமே செஞ்சிக்க முடியாதா?

முடியும், எங்கள் மாடியில் பாதிப் பேர் கையில் இருப்பது சொந்த வேலைதான். டென்ஷன் கம்பிக்கு, கார் வைப்பர் பிளேடின் ரப்பருக்குள் இரண்டு நீளத் தகடு இருக்கும். மெக்கானிக் ஷெட்டில் தேய்ந்த வைப்பரைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நல்ல ஸ்பிரிங் ஸ்டீல். குறட்டால் நுனியில் அரை செ.மீ. விட்டு நேர்கோணமாக வளைத்து, நுனியை அரத்தில் ராவிச் சாவித் துளைக்கு அளவாக்கினால் போதும். கடையில் வாங்கியதைவிட நன்றாக உட்காரும். ஏனென்றால் அது உங்கள் பூட்டுக்கென்றே ராவியது.

ஹூக்குக்கு ஹாக்சா பிளேடு. அதன் தடிமன் 0.6 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். ஒடிகிற வகை வேண்டாம், வளைந்து நிமிர்கிற வகையாக வாங்குங்கள். வடிவத்தை மார்க்கரில் வரைந்து கிரைண்டரில் தேய்க்கும்போது, ஐந்து விநாடிக்கு ஒரு தரம் தண்ணீரில் முக்குங்கள். சூடேறி நீலம் பாய்ந்தால் டெம்பர் (ஸ்டீலின் கெட்டித்தன்மை) போய்விட்டது என்று அர்த்தம், அந்தத் துண்டு எதற்கும் ஆகாது. கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போகவே கூடாது. இதில் அப்பா கறாராக இருந்தார், நானும் அப்படித்தான்.

0.5 மி.மீ. வேண்டுமென்றால் ஃபில்லர் கேஜின் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் தடிமன் பொறித்தே வரும்.

நம்ம ஏரியா கடல் காத்துல துரு புடிச்சிடுமே?

பிடிக்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் ஸ்டெயின்லெஸ் தவிர வேறு எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். ஸ்பிரிங் ஸ்டீலிலும் ஹாக்சா பிளேடிலும் செய்தவை ஒரு மழைக்காலத்தில் செம்மண் நிறம் ஏறிவிடும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். செருப்பு டப்பாவில் வருமே சிலிகா ஜெல் பொட்டலம், அதை டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். தோல் உறை வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பூட்டுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளாக ஆகப் பிசுக்காகித் தூசியைப் பிடித்து உள்ளே கெட்டியாகும். பென்சில் கரியைச் சாவியில் தேய்த்து, நாலு தரம் போட்டுப் போட்டு எடுங்கள். வீட்டுப் பூட்டுக்கும் இதுவே நல்லது.

இது திருட்டு வித்தைதானேன்னு வீட்ல திட்டறாங்க. இன்னா சொல்றது?

பூட்டின் பலவீனத்தைத் திறந்த சபையில் காட்டியதால்தான் பூட்டுகள் நல்லவையாக ஆயின என்று சொல்லுங்கள். லண்டனில் ஜோசப் பிராமா 1784-இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இதைத் திறக்கும் கருவியைச் செய்கிறவருக்கு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) பரிசு என்று எழுதி, பூட்டைக் கடை ஜன்னலிலேயே வைத்திருந்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் அதைத் திறந்தார். 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம். கெட்டிப் பூட்டு என்று பேர் வாங்கியிருந்த சப் (Chubb) கம்பெனிப் பூட்டையும் அதே வருடம் திறந்து காட்டினார். ஊரே பதறிப்போனது. அதற்குப் பிறகு பூட்டுக் கம்பெனிகள் சும்மா இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் 1997 முதலே இந்தப் பொழுதுபோக்குக்குச் சங்கம் இருக்கிறது, போட்டிகள் நடக்கின்றன.

வார்த்தையைவிட நடத்தை பேசும். என் அம்மாவும் முதலில் திட்டியவர்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சுக்குக் காபி போடுகிறவர் அவர்தான்.

ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

இரண்டே இரண்டு. உங்களுடையதல்லாத பூட்டை, சொந்தக்காரர் எதிரே நின்று சம்மதிக்காமல் தொடக்கூடாது. தினமும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டை, அது உங்களுடையதாகவே இருந்தாலும் தொடக்கூடாது. உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் இந்த இரண்டையும்தான் சொல்கிறார்கள். இரண்டாவதை நான் எப்படிக் கற்றேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பையில வச்சிருந்தா போலீஸ் புடிக்குமா?

வீட்டில் வைத்துப் பழகுங்கள், மாடிக்கு வரும்போது பூட்டோடு சேர்த்து டப்பாவில் கொண்டுவாருங்கள், நேராக வீட்டுக்குப் போங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தெருவில் சுற்றினால் எந்த போலீஸ்காரரும் நிறுத்திக் கேட்பார், கேட்கவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆம் பிரிவு, வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் வீடு உடைத்தல் என்றே சேர்த்துச் சொல்கிறது. உடைக்கத்தான் வேண்டும் என்பதில்லை, திறந்தாலே போதும். ஆகவே "நான் ஒண்ணும் உடைக்கலையே" என்ற பேச்சு எடுபடாது.

வாடகை வீடு. ஓனர் மாடி ரூமைப் பூட்டிட்டு சாவி தரமாட்டேங்கறார். எங்க சாமான் உள்ள இருக்கு. நீங்க வந்து திறந்து தருவீங்களா?

மாட்டேன். உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனால் பூட்டு அவருடையது. நாலு பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். மாடிக்கு வரும் பிள்ளைகள் யாராவது இப்படி ஒரு கதவைத் திறந்ததாகத் தெரிந்தால் அடுத்த ஞாயிறு அவர்களுக்கு இடமில்லை. நாங்கள் ஒரே தெருவில் தலை நிமிர்ந்து இருக்க முடிகிறது என்றால் இதனால்தான்.

பிக் கன், பம்ப் கீ எல்லாம் வாங்கலாமா?

வேண்டாம். பிக் கன் துப்பாக்கி மாதிரிக் கருவி, பம்ப் கீ உள்ளே விட்டுத் தட்டுகிற சாவி. இப்படித் தட்டித் திறப்பதில் விரல் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, பூட்டும் கெடும்.

பிள்ளைங்களுக்குக் கத்துத் தரலாமா?

பத்து வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்து, தரலாம். செல்போனை மறந்து முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்வதை நான் கண்ணால் பார்க்கிறேன். டப்பா மட்டும் பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

திண்டுக்கல் பூட்டைத் திறக்கப் பழகணும்னு ஆசை. எப்போ?

ஆசை நல்லது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. மாங்காய் வடிவப் பூட்டு ஒன்றை நான் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு லீவரும் கையால் ராவியது. ஆனால் அந்த வேலை வேறு, கருவி வேறு. பின் பூட்டில் ஒரு வருடமாவது விரல் பழகிய பிறகு வாருங்கள். அதுவரை அதன் சாவியைப் போட்டுத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே தகடுகள் ஏறி இறங்குவதைக் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு எங்க வீட்டுப் பூட்டு மேலயே நம்பிக்கை போச்சுக்கா.

பூட்டை மாற்றுமுன் நாதாங்கியைப் பாருங்கள். தகரம் மாதிரி நாதாங்கியை முக்கால் அங்குல ஸ்க்ரூ இரண்டில் நிறுத்தி, அதில் ஆயிரம் ரூபாய்ப் பூட்டு தொங்கும் வீடுகள் நம் தெருவில் எத்தனையோ. கடப்பாரை வைத்து நெம்பினால் பூட்டு அப்படியே கையோடு வரும். கனமான நாதாங்கி, நிலையைத் துளைத்துப் போகும் போல்ட், உள்பக்கம் நட்டு. முதலில் அதைச் செய்யுங்கள்.

முதல் செட் பழகியாச்சு. அடுத்து இன்னா வாங்கறது?

பூட்டு. பெரும்பாலும் எல்லோரும் இன்னொரு செட் வாங்குகிறார்கள். உங்கள் முதல் பூட்டை மூன்று நாள், மூன்று வேறு நேரத்தில் திறந்துவிட்டால் அடுத்து ஐந்து பின் பூட்டு. அதற்கு அடுத்து, நூல்கண்டு வடிவத்தில் இடுப்பு மெலிந்த பின் வைத்த பூட்டு. அந்தப் பின் ஏமாற்றும். உருளை நன்றாகச் சாய்ந்து, திறந்தே விட்டது போலக் காட்டும், வளையம் மட்டும் வராது. அப்போது டென்ஷனைத் தளர்த்திக்கொண்டே அந்தப் பின்னைத் தூக்க வேண்டும், உருளை விரலுக்கு எதிராகப் பின்வாங்கும். பயந்து விட்டுவிடாமல் அதோடு சேர்ந்து பின்வாங்கக் கற்க எனக்கு நாலு மாதம் ஆனது.

உங்க டப்பாவில இப்ப என்னக்கா இருக்கு?

பழைய பல்பொடி டப்பா. உள்ளே 0.5-இல் குட்டை ஹூக் ஒன்று, 0.6-இல் இரண்டு, ரேக் ஒன்று. வைப்பர் தகட்டில் செய்த டென்ஷன் கம்பி ஐந்து, ஒவ்வொன்றின் முதுகிலும் எந்தப் பூட்டுக்கு என்று நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருக்கிறேன். எமரி பேப்பர் துண்டு, எண்ணெய்த் துணி, சிலிகா ஜெல். அப்பா ராவிக் கொடுத்த ஹாக்சா பிளேடு ஹூக் ஒன்றும் இருக்கிறது. அதன் நுனி தேய்ந்துவிட்டது, அதை இப்போது நான் பயன்படுத்துவதில்லை. மாதம் ஒரு தரம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன்.